முதல் நான்கு வாரம்: திருப்பூர் வட்டாரத்தில் கோழிக்குஞ்சு வாங்குவோர் நிலை

திருப்பூரிலிருந்து தெற்கே பல்லடம், பொங்கலூர், குடிமங்கலம், உடுமலை என்று போகப் போக பனியன் கம்பெனிகள் குறைந்து கோழிக் கொட்டகைகள் கூடிக்கொண்டே வரும். இந்தியாவின் கறிக்கோழித் தொழில் இன்றைய உருவத்தைப் பெற்ற மண் இது. பல்லடத்தில் இயங்கும் பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு, சுருக்கமாக பி.சி.சி., நாள்தோறும் அறிவிக்கும் பண்ணை விலையை ஒட்டித்தான் பல மாவட்டங்களின் கறிக்கடைப் பலகையில் எண் மாறுகிறது. குஞ்சுப் பண்ணைகளிலிருந்து விடிவதற்கு முன்பே வேன்கள் கிளம்பி, ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டி பெட்டியாகக் கொட்டகைகளில் இறக்கிவிட்டுப் போகின்றன.

இத்தனை குஞ்சு பிறக்கும் வட்டாரத்தில், புறக்கடையில் பத்துக் கோழி வளர்க்க நினைக்கும் ஒரு குடும்பம் நம்பி வாங்கத் தக்க குஞ்சு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. கிடைக்கிற இடங்கள் பல உண்டு. அந்தக் குஞ்சு என்று பிறந்தது, எந்த இனம், என்ன தடுப்பூசி போட்டது என்று சொல்லும் இடம்தான் அரிது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிறு வளர்ப்பாளருக்கு ஒருநாள் குஞ்சை விற்கவே கூடாது. நான்கு வாரம் வளர்த்து, தடுப்பூசி போட்டு, பிறந்த தேதி எழுதிய சீட்டோடுதான் விற்க வேண்டும். அதைச் செய்யும் இடங்கள் ஊருக்கு ஊர் இல்லாததே இந்த வட்டாரத்தின் குறை.

முதலில் வாங்குபவர் யார் என்று பார்ப்போம். காங்கேயம், தாராபுரம், ஊத்துக்குளி, மூலனூர்ப் பக்கம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. வீட்டில் வேலைக்குப் போகக்கூடியவர்கள் காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். வீட்டில் இருப்பது அமுச்சியும் ஆடு இரண்டும் கோழி நாலும்தான். பனியன் தொழிலில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கறியில் நாட்டுக்கோழிக்குத் தனி மதிப்பு உண்டு. குலதெய்வக் கோயிலுக்குச் சேவல் வேண்டும், பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கோழிச்சாறு வேண்டும். கறிக்கோழி விலையைப் போலப் பல மடங்கு இல்லாவிட்டாலும், எந்தக் காலத்திலும் அதைவிட நல்ல விலைக்கே நாட்டுக்கோழி போகிறது. ஆகவே பத்துக் கோழி என்பது கிராமத்துப் பெண்ணின் கையில் நேரடியாக வரும் காசு. கம்பெனியில் ஆர்டர் குறைந்து வாரத்தில் சில நாள் மட்டுமே வேலை இருக்கும் காலங்களில் அந்தக் காசுதான் பலசரக்குக் கடை பாக்கியை அடைக்கிறது.

பழைய முறையில் இவர்கள் குஞ்சு வாங்கவே இல்லை. நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். அடைக்கு உட்கார வைத்தால் 21 நாளில் பொரிக்கும். இறக்கைக்கு அடியில் வெப்பம் கொடுத்து, கிளறித் தீனி காட்டி, பருந்து வந்தால் கூவி அழைத்துக் குஞ்சுகளைத் தாயே காப்பாற்றிவிடும். ஆனால் ஆண்டுக்கு அறுபது, எண்பது முட்டைதான். அடையிலும் குஞ்சு வளர்ப்பிலும் கோழிக்கு மாதக்கணக்கில் முட்டை நின்றுவிடும். நோய் வந்து ஒரே வாரத்தில் கூடு காலியானால், மறுபடி தொடங்கத் தாய்க்கோழியும் இருக்காது. அப்போதுதான் குஞ்சு வாங்க வேண்டி வருகிறது.

கறிக்கோழிக்காரர் கதை

இதே மண்ணில் குஞ்சு வாங்கும் சிக்கலை முழுக்கத் தீர்த்துக்கொண்ட ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் கதையைச் சொல்லாமல் சிறு வளர்ப்பாளரின் சிக்கல் புரியாது. 1980களில் கறிக்கோழி வளர்த்த விவசாயி குஞ்சைக் காசு கொடுத்து வாங்கினார், தீவனத்தைக் கடனுக்கு வாங்கினார், கோழி தயாரானதும் வியாபாரி சொன்ன விலைக்கு விற்றார். குஞ்சு விலை ஏறிய வாரத்தில் வாங்கி, கறி விலை இறங்கிய வாரத்தில் விற்றவர்கள் கொட்டகையையே இழந்தார்கள். உடுமலையில் பி. சௌந்தரராஜன், ஜி.பி. சுந்தரராஜன் சகோதரர்கள் தொடங்கிய சுகுணா நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, ஆள், மின்சாரம், தரையில் பரப்பும் தேங்காய் நார்க்கழிவு விவசாயியுடையது. ஏறக்குறைய நாற்பது நாளில் இரண்டு கிலோ எடைக்குக் கோழி வளர்ந்ததும் கம்பெனியே எடுத்துக்கொண்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கொடுக்கும். பல்லடம், கோவைப் பக்கத்து மற்ற நிறுவனங்களும் இந்த வழியில் வந்தன. பிறகு நாடெங்கும் பரவியது.

இந்த முறையின் மீது நியாயமான மனக்குறைகள் உண்டு. கிலோவுக்கு 6 ரூபாய் 50 பைசா என்று பல ஆண்டுகள் நின்றுபோன கூலியை உயர்த்தக் கேட்டு விவசாயிகள் போராடியிருக்கிறார்கள். மின்கட்டணமும் ஆள் கூலியும் நார்க்கழிவின் விலையும் ஏறியபோது கூலி ஏறவில்லை என்ற அவர்கள் வாதம் சரியானது. வந்து இறங்கும் குஞ்சு மட்டமாக இருந்தால் சாவு கூடும், தின்ற தீவனத்துக்கு எடை வராது, அந்தக் குறை கூலியில் பிடிக்கப்படும். குஞ்சைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் விவசாயிக்கு இல்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் இந்த முறை சரியாக இருக்கிறது. குஞ்சு கம்பெனியின் சொத்து என்பதால் அதன் பிறப்புக்குக் கம்பெனியே பொறுப்பு. தாய்க்கோழி எது, எந்தத் தேதியில் பொரித்தது, பொரித்த அன்றே போட்ட ஊசி என்ன என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. குஞ்சு இறங்கும் முன்பே கொட்டகையில் குஞ்சுக்குச் சூடு தரும் புரூடர் தயாராக இருக்கிறது. முதல் வாரத்தில் சூப்பர்வைசர் வந்து இறந்த குஞ்சை எண்ணிப் பார்க்கிறார். பத்துக் குஞ்சு வாங்கும் பெண்ணுக்கு இதில் ஒன்றுகூட இல்லை.

பத்துக் குஞ்சுக்காரர் தட்டும் கதவுகள்

அவருக்குத் திறந்திருக்கும் கதவுகளில் முதலாவது தீவனக் கடை. மாட்டுத்தீவனம், புண்ணாக்கு, கோழித்தீவன மூட்டை விற்கும் கடையில் சொல்லி வைத்தால், வாரம் ஒருமுறை ஏதோ ஒரு குஞ்சுப் பண்ணையிலிருந்து பெட்டி வரும். பெட்டிக்கு நூறு குஞ்சு, நான்கு அறை, அறைக்கு இருபத்தைந்து. கடைக்காரர் அதைப் பிரித்து ஐந்து, பத்து என்று கொடுப்பார். அமெரிக்காவில் வசந்த காலத்தில் பண்ணைப் பொருள் கடைகளில் நடப்பதும் இதுதான். அங்கே தொட்டியில் விளக்குக்கு அடியில் குஞ்சுகளை வைத்திருப்பார்கள், குறைந்தது இத்தனை வாங்க வேண்டும் என்று விதி இருக்கும், இனப்பெயர் எழுதி ஒட்டியிருக்கும். நம் ஊர்க் கடைகளில் பெட்டி மேசைக்கு அடியில் இருக்கும், இனத்தைக் கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வார்.

இந்த இனம் சொல்லும் இடத்தில்தான் முதல் ஏமாற்றம். நாட்டுக்கோழிக் குஞ்சு என்று கேட்டால் கிடைப்பது பல வகை. உண்மையான நாட்டு இனங்களான சிறுவிடை, பெருவிடைக் குஞ்சு மிகக் குறைவாகவே வெளியில் வரும். அடுத்து வருவன வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரில் உருவான கிரிராஜா, சென்னையில் உருவான நந்தனம் கோழி, நாமக்கல் கோழி போன்ற மேம்படுத்திய இனங்கள். வனராஜாவும் கிராமப்பிரியாவும் ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் தந்தவை. இவை எல்லாம் நல்ல கோழிகள், முட்டையும் எடையும் கூடுதல். ஆனால் வாங்குபவருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: இவை பெரும்பாலும் அடைக்கு உட்காரா. இவற்றின் முட்டையை வேறு கோழியில் வைத்துப் பொரித்தாலும் அடுத்த தலைமுறை தாயைப் போல இருக்காது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குஞ்சு வாங்கியாக வேண்டும். இது தெரிந்து வாங்குவது வேறு, நாட்டுக்கோழி என்று நம்பி வாங்கி, எட்டு மாதம் கழித்து அடைக்கு உட்காரவில்லையே என்று தவிப்பது வேறு.

அதைவிட மோசமான கலப்படம் முட்டைக்கோழியின் சேவல் குஞ்சு. நாமக்கல் பக்கம் கோடிக்கணக்கில் முட்டைக்கோழிகள் வளர்கின்றன. அந்த இனத்தில் பிறக்கும் குஞ்சில் பாதி சேவல். முட்டை இடாது, கறிக்கும் வேகமாக வளராது. பொரித்த அன்றே குதத்தைப் பார்த்துச் சேவல், பெட்டை பிரிக்கும் வித்தையை 1920களில் ஜப்பானியர் கண்டுபிடித்து, பிறகு உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அன்று முதல் உலகெங்கும் முட்டைக்கோழிச் சேவல் குஞ்சுகளைப் பிறந்த நாளிலேயே கொல்வது வழக்கமானது. ஆண்டுக்கு ஏறக்குறைய 700 கோடி என்பது பரவலான மதிப்பீடு. ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து அதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. நம் நாட்டில் அந்தக் குஞ்சுகளில் ஒரு பங்கு மிக மலிவாகக் கைமாறி, வளர்த்து ஒரு கிலோ ஆனதும் நாட்டுக்கோழி என்ற பெயரில் கறிக்கடைக்குப் போகிறது. இன்னொரு பங்கு சாயம் பூசப்பட்டுத் தெருவுக்கு வருகிறது.

அந்தக் கலர் குஞ்சு வியாபாரத்தைப் பற்றிச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. ரோஸ், பச்சை, ஊதா என்று நனைத்தெடுத்த குஞ்சுகளைக் கூடையில் அடைத்து, டி.வி.எஸ். பிப்டியில் கட்டிக்கொண்டு, தொழிலாளர் குடியிருப்புகளிலும் கோயில் திருவிழாக்களிலும் விற்கிறார்கள். சாயத்தில் நனைந்து குளிர்ந்த உடம்பு, வெயில், கூட்ட நெரிசல், பிறகு ஒரு குழந்தையின் கை. சூடு கொடுக்கும் ஏற்பாடு எந்த வீட்டிலும் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை சில நாள்களில் சாகின்றன. குஞ்சுகளின் எச்சத்தில் சால்மொனெல்லாக் கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் கோழிக்குஞ்சைத் தொடவே கூடாது என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. கோழிகளைக் கொண்டு செல்வதற்கென்றே தனி விதிகளும் இருக்கின்றன. கலர் குஞ்சு விற்பனையை நிறுத்த வேறு சட்டம் தேவையில்லை, இருப்பதை நடைமுறைப்படுத்தினால் போதும்.

மற்ற கதவுகளை விரைந்து பார்த்துவிடலாம். குண்டடம், கன்னிவாடி போன்ற வாரச் சந்தைகளில் வளர்ந்த கோழியோடு குஞ்சும் விற்பனைக்கு வரும். பல ஊர்க் கோழிகள் ஒரே இடத்தில் கூடுவதால் சீக்கும் அங்கேதான் கைமாறும். வீட்டில் இன்குபேட்டர் வைத்துப் பொரித்துக் கொடுப்பவர்கள் இப்போது ஊருக்கு இருவர், மூவர் இருக்கிறார்கள். தாய்க்கோழியைக் கண்ணால் பார்த்து வாங்க முடிவது அங்கே மட்டும்தான், அதனால் எனக்கு இவர்கள் மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் முதல் நாள் ஊசி போடுவதில்லை, போட வழியும் இல்லை.

கடைசியாக, முதலீடு என்ற பெயரில் குஞ்சு விற்றவர்கள். பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்ட சுசி ஈமு பார்ம்ஸ், 1.5 லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு ஈமுக் குஞ்சு, வளர்ப்புக்கு மாதம் 6,000 ரூபாய் என்று விளம்பரம் செய்தது. கொங்கு நாட்டில் ஒப்பந்தக் கறிக்கோழி வெற்றி பெற்றிருந்ததால் ஈமுவும் அப்படித்தான் என்று ஆயிரக்கணக்கானோர் நம்பினார்கள். ஈமுக் கறிக்குச் சந்தையே இல்லை. புதிதாகச் சேர்பவர் கட்டும் பணத்தில்தான் பழையவர்களுக்கு மாதப்பணம் போய்க்கொண்டிருந்தது. 2012 ஆகஸ்டில் எல்லாம் நின்றது. பறவைகள் தீனியின்றிக் கிடந்தன, முதலீட்டாளர்கள் காவல் நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். குஞ்சை விற்பவரே வளர்ந்த பறவையையும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னால், அந்தப் பறவையை அவரைத் தவிர வேறு யார் வாங்குகிறார்கள் என்று கேட்டாக வேண்டும். நாட்டுக்கோழிக் குஞ்சையும் இதே வாய்ப்பாட்டில் விற்க வருபவர்கள் அவ்வப்போது தலைகாட்டத்தான் செய்கிறார்கள்.

ஒருநாள் குஞ்சு கேட்பது என்ன

பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். அதைக்கொண்டு இரண்டு, மூன்று நாள் தீனியும் நீரும் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். உலகக் குஞ்சு வணிகம் முழுவதும் இந்த ஓர் இயற்கை ஏற்பாட்டின் மேல் நிற்கிறது. அமெரிக்க அஞ்சல் துறை 1918 முதல் ஒருநாள் குஞ்சைத் தபாலில் கொண்டு சேர்ப்பது இதனால்தான். அந்த அவகாசம் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே எடுத்துக்காட்டு உண்டு. 2025இல் டெலவேர் மாநிலத்தில் ஏறக்குறைய 12,000 குஞ்சுகள் அஞ்சல் வண்டியில் நாள்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்து, ஆயிரக்கணக்கில் மாண்டன. நம் ஊரில் அந்த அளவுக்கு ஒரே நாளில் நடப்பதில்லை. திங்கள்கிழமை பொரித்த குஞ்சு பெட்டியிலேயே புதன்வரை இருந்து, பிறகு கடையில் ஒரு நாள், சந்தையில் ஒரு நாள் என்று அலைந்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்கிறது. பிறந்த தேதி தெரியாமல் வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்தே விளங்கும்.

வீட்டுக்கு வந்தபின் முதல் தேவை சூடு. முதல் வாரம் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவுக்குக் குறைக்க வேண்டும். குஞ்சுக்கு 2 வாட் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு, பத்துக் குஞ்சுக்கு ஒரு சிறிய குண்டு பல்பு போதும். இப்போது ஒரு புதுச் சிக்கல்: கடைகளில் எங்கும் எல்.இ.டி. பல்புதான். அது வெளிச்சம் தரும், சூடு தராது. விளக்குத்தான் எரிகிறதே என்று நம்பியிருக்கும் வீட்டில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் நசுங்கும். குளிர்ந்தால் கூட்டமாக ஒடுங்கும், சூடு அதிகமானால் விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சரியாக இருந்தால் பரவலாக உட்கார்ந்திருக்கும். இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம், ஆனால் இரவில் இரண்டு முறை எழுந்து பார்க்க ஆள் வேண்டும். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் ஏற வேண்டிய வீட்டில் அது எளிதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கண் பளிச்சென்று இருக்க வேண்டும். தொப்புள் காய்ந்து மூடியிருக்க வேண்டும். பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. மல்லாக்கப் போட்டால் உடனே புரண்டு எழ வேண்டும். கால் வழவழப்பாக, ஈரப்பசையோடு இருந்தால் குஞ்சு உடம்பில் நீர் வற்றவில்லை என்று பொருள். இந்தச் சோதனையில் எல்லாம் தேறிய குஞ்சும் மூன்றாம் வாரத்தில் சாகலாம், ஏனென்றால் நோய் கண்ணுக்குத் தெரியாது.

நோயில் முதன்மையானது நம்மவர்கள் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட். குமாயூன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் 1920களின் பிற்பகுதியில் அடையாளம் கண்டது, ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டார்கள். ஊசி போடாத கூட்டத்தில் புகுந்தால் ஒரே வாரத்தில் கூட்டையே துடைத்துவிடும். தடுப்பு முறை தெளிவாக இருக்கிறது: ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, இரண்டாம் வாரத்தில் கம்போரோ நோய்க்குச் சொட்டு, நான்காம் வாரத்தையொட்டி மறுபடி ராணிக்கெட்டுக்கு லசோட்டா, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தமிழகத்துக்குத் தடுப்பூசி தயாரிக்கிறது. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது.

ஆனால் ஏழாம் நாள் சொட்டுக்கு முகாம் வரும்வரை காத்திருக்க முடியாது. கடையில் வாங்கலாம் என்றால் அந்தத் தடுப்பூசி நூறு, இருநூறு, ஆயிரம் கோழிக்கான புட்டிகளாகத்தான் வருகிறது. குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும், கரைத்தால் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். பத்துக் குஞ்சுக்காக ஒரு புட்டியை உடைத்துத் தொண்ணூறு சொட்டைக் கொட்டிவிட யார் முன்வருவார்? மாரெக் நோய்க்கான ஊசி இன்னும் கடினம், அதைப் பொரித்த அன்றே குஞ்சுப் பண்ணையில் போட்டால்தான் பயன். அது போடாத கோழி நான்கு மாதம் நன்றாக வளர்ந்து, விற்கும் பருவத்தில் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்துவிடும்.

ஊசி இல்லாத இடத்தைப் பொடி மருந்து பிடித்துக்கொள்கிறது. குஞ்சு விற்கும் கடையிலேயே, தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள் என்று ஓர் ஆன்டிபயாட்டிக் பொட்டலமும் தருகிறார்கள். வைரஸ் நோய்க்கு அது எதுவும் செய்யாது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் பயன்படும் கொலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்குத் தருவதை மத்திய அரசு 2019இல் தடைசெய்ய வேண்டி வந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

மற்றவர்கள் கண்ட வழி

ஏழைக் குடும்பங்களுக்குக் குஞ்சு கொடுக்கப் புறப்பட்ட பல நாடுகளும் இந்த முதல் சில வாரத்தில்தான் முட்டிக்கொண்டன, ஏறக்குறைய ஒரே விடைக்கு வந்து சேர்ந்தன. வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1980களிலிருந்து கிராமப் பெண்களைப் பிரித்துப் பயிற்றுவித்தது: சிலர் ஒருநாள் குஞ்சை வாங்கி எட்டு வாரம் வளர்த்து விற்பவர்கள், சிலர் ஊசி போடுபவர்கள், மற்றவர் வளர்ந்த குஞ்சை வாங்கி முட்டைக்கு வளர்ப்பவர்கள். ஊசி போடும் பெண் ஒரே புட்டியைப் பல வீடுகளுக்குப் பயன்படுத்தியதால் வீணாகவில்லை. நம் நாட்டில் கெக்பார்ம்ஸ் நிறுவனம் 1990களில் குரோய்லர் என்ற கோழியை உருவாக்கியபோது, அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோகத் தாய்ப்பண்ணைகளை அமைத்தது. அங்கே சில வாரம் வளர்ந்து ஊசி போட்ட குஞ்சுகளைச் சைக்கிள் வியாபாரிகள் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார்கள். எத்தியோப்பியாவில் எத்தியோ சிக்கன் நிறுவனமும் முகவர்கள் ஏறக்குறைய ஒன்றரை மாதம் வளர்த்த குஞ்சைத்தான் விவசாயிக்குக் கொடுக்கிறது.

நம் அரசுகளுக்கும் இது தெரியாததில்லை. தேசியக் கால்நடை இயக்கம் 2021 முதல், ஆயிரம் தாய்க்கோழிகளோடு குஞ்சுப் பொரிப்பகமும் நான்கு வாரம் குஞ்சு வளர்க்கும் தாய்ப்பண்ணையும் சேர்த்து அமைப்பவருக்கு 50 சதவீத மானியம் தருகிறது, உச்சவரம்பு 25 லட்சம். தமிழ்நாட்டில் ஆதரவற்ற பெண்களுக்கு 50 சதவீத மானியத்தில் தரும் 40 குஞ்சுகளும் நான்கு வார வயதுடையவை. 250 கோழிப் பண்ணைத் திட்டத்துக்கு ஓசூர் மாவட்டக் கால்நடைப் பண்ணையிலிருந்து வருபவையும் அப்படியே. கொள்கையில் குறையில்லை. திட்டப் பட்டியலில் பெயர் இல்லாத பெண்ணும் தன் காசைக் கொடுத்து அதே குஞ்சை வாங்க முடிய வேண்டும். அதற்கு இடமில்லை.

திருப்பூர் மாவட்டத்தில் இந்த வேலையைச் செய்யத் தகுந்த கைகள் நிறைய இருக்கின்றன. புரூடர் அமைக்கவும் சொட்டு மருந்து விடவும் ஈரமான நார்க்கழிவைக் கண்டுபிடிக்கவும் இந்தியாவிலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் பல்லடத்துக் கொட்டகைக்காரர்கள். குடிமங்கலம், உடுமலைப் பக்கம் மக்காச்சோளம் விளைகிறது. உடுமலையில் 2020இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் ஒன்று திருப்பூரிலேயே நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி கொடுக்கிறது.

இங்கே ஒரு தடை உண்டு, அதை மறைக்க முடியாது. ஒப்பந்தக் கறிக்கோழி வளர்ப்பவர் தன் தோட்டத்தில் நாட்டுக்கோழி வைத்திருக்கக் கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. ஊசி போடாத கோழியிடமிருந்து ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு நோய் தாவும் என்ற அவர்கள் அச்சம் ஆதாரமுள்ளது. ஆக, குஞ்சைக் காக்கத் தெரிந்தவரே நாட்டுக்கோழிக் குஞ்சைத் தொட முடியாது. நான் கண்டவரை இதற்கு ஒரு வழிதான் உண்டு: கூலி கட்டுப்படியாகாமல் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறியவர்களின் கொட்டகைகள் ஊர்தோறும் வெறுமனே நிற்கின்றன. நாலாயிரம் கோழிக்குக் கட்டிய அந்தக் கொட்டகையில் ஒரு தடுப்பு மட்டும் போதும், ஐந்நூறு குஞ்சு நான்கு வாரம் வளர. மகளிர் சுயஉதவிக் குழு அதை வாடகைக்கு எடுத்தால் தடுப்பூசிப் புட்டி வீணாகாது, இரவில் முறை வைத்து விழிக்கலாம். தீவனக் கடைக்காரரையும் வெளியே தள்ள வேண்டாம். இப்போது ஒருநாள் குஞ்சுக்கு எடுக்கும் ஆர்டரை அவர் நான்கு வாரக் குஞ்சுக்கு எடுக்கட்டும். சீட்டில் நான்கு செய்தி இருந்தால் போதும்: பொரித்த தேதி, இனம், மாரெக் ஊசி போட்டதா, சொட்டு மருந்து போட்ட தேதிகள்.

அதுவரை ஒருநாள் குஞ்சு வாங்கியே தீர வேண்டியவர்களுக்கு நம் அமுச்சிகள் செய்துவந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையில் இருக்கும் நாட்டுக்கோழிக்கு முட்டை பொரியும் நாளில், இரவு இருட்டில், வாங்கிவந்த குஞ்சுகளை மெல்ல அதன் இறக்கைக்கு அடியில் விட்டுவிடுவார்கள். விடிந்ததும் எல்லாம் தன் குஞ்சு என்று அது கூட்டிக்கொண்டு கிளம்பும். பத்துப் பன்னிரண்டு குஞ்சுவரை இது நன்றாக நடக்கும். சொட்டு மருந்து மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை கூடும் என்பதுதான் நான்கு வாரக் குஞ்சுக்கு எதிராகக் கடைக்காரர்கள் சொல்லும் ஒரே வாதம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருநாள் குஞ்சு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வாரத்தில் அது தின்னும் தீவனம் அரைக் கிலோவுக்குச் சற்று மேல், அதற்கு 25 ரூபாய். ஊசி, மின்சாரம், ஆள் கூலி, சாகும் ஓரிரண்டுக்கான ஈடு எல்லாம் சேர்த்து இன்னொரு 25 ரூபாய். 90 ரூபாய்க்கு ஒரு குஞ்சு. பத்து ஒருநாள் குஞ்சை 400 ரூபாய்க்கு வாங்கி, முதல் மாதத்தில் ஐந்தைப் பறிகொடுத்தால் மிஞ்சிய ஐந்தும் தலைக்கு 80 ரூபாய், அவை தின்ற தீவனத்தோடு 105 ரூபாய். அந்த ஐந்துக்கும் ஊசி போட்டிருக்காது.